தென்சேரி பாடாத பாட்டு

சதீசனின் கோபத்தைப் பற்றி ஈச்சந்துறையில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் முன்னும் பின்னும் திரும்பி, ஆள் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொள்வார்கள்.

ஆள் கெட்டவனில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். விடியப்புறம் தோணியை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போவான். மணலை மீனோ கொடுவா மீனோ வலையில் பட்டதைக் கொண்டுவந்து, ஒரு கறிக்கு வீட்டில் வைத்துவிட்டு மிச்சத்தைச் சந்தையில் கொடுத்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வட்டையில் வயலுக்குள் இறங்கிவிடுவான். சனி ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் வெள்ளை உடுப்பும் கறுப்புப் பட்டியுமாகப் பல்நோக்கு மண்டபத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்குவான். அங்கே அவனைப் பார்த்தால் இவனா அவன் என்று கேட்பீர்கள். குறி தவறி ஒரு பிள்ளை அவன் அடிவயிற்றில் உதைத்தாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிரிக்கு மனே, இன்னொருக்கா உதை" என்பான். அத்தனை பொறுமை. அந்தப் பொறுமையை மண்டபத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருவானோ என்னவோ, வெளியே வந்தால் மூக்குக்கு மேல் கோபம்.

சித்திரை கழிந்த கையோடு அந்தப் பல்லுச் சங்கதி நடந்தது. சிறுபோக நெல்லுக்குக் குளத்தில் தண்ணீர் போதாது. வாய்க்கால் முறை வைத்துத்தான் விட்டார்கள். சதீசனின் முறையில் தண்ணீர் வரவில்லை. மேலே போய்ப் பார்த்தால், மச்சான் தவநேசன் தன் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டு, வாகை மர நிழலில் நாலு பேரோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். தவநேசன் வேறு யாருமில்லை, சதீசனின் மனைவி யசோதினிக்குக் கூடப்பிறந்த அண்ணன். சதீசன் மண்வெட்டியை எடுத்து வரம்பைக் கட்டத் தொடங்கினான். அவசரத்தில் போட்ட மண் நிற்கவில்லை, தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அதைப் பார்த்துத் தவநேசன் சொன்னது இவ்வளவுதான்:

"ஓடு உடைக்கிற கைக்கு ஒரு வரம்பு கட்டத் தெரியல்ல, பாருங்கடா!"

நாலு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு முடியவில்லை, தவநேசனின் முன்பல் வெற்றிலைத் துப்பலோடு சேற்றில் கிடந்தது.

பல் போன மகனைத் தாய் சீதேவிப்பிள்ளைதான் ஓட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மருமகனை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். யசோதினியும் ஏசவில்லை. அன்று மத்தியானம் சோறும் போட்டு, மீன் குழம்பும் ஊற்றி, அவன் சாப்பிட்டுக் கை கழுவும் வரைக்கும் பொறுத்திருந்து சொன்னாள்.

"இண்டைக்கு அண்ணன்ட பல்லு. நாளைக்கு ஆருட பல்லெண்டு எனக்குத் தெரியா. நானும் விதுர்ஷாவும்தான் இந்த வீட்டுல இரிக்கிறம்."

"என்ன கதை கதைக்கிறாய்? உனக்கு நான் எப்பையாச்சும் கை நீட்டியிரிக்கனா?"

"இல்ல. நீட்டல்ல. நீட்டினதுக்குப் பிறகு கதைச்சு என்ன புண்ணியம்? இன்னும் ஒருக்கா ஆருக்காச்சும் கோவத்துல கை நீட்டினீங்க எண்டா, உங்கட அம்மாட வீட்ட போயிருங்க. இது எண்ட வீடு."

வீடு அவள் சீதனம். நம் பக்கத்தில் எந்த வீடுதான் ஆம்பிளையின் பேரில் இருக்கிறது? மாப்பிள்ளை வந்து சேருகிறவன், அவ்வளவுதான். பதின்மூன்று வயது மகளும், நட்டு வளர்த்த தென்னைகளும், தோணியைக் கட்டுகிற முற்றத்துத் துறையும் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் போய்விட்டன.  யசோதினி சொன்னால் சொன்னதுதான் என்று சதீசனுக்குத் தெரியும். தவநேசனிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். முதலில் வாயைத் திறந்தவன் அவன்தானே என்று இவன் போகவில்லை.

இந்த நிலையில்தான் வைகாசிச் சடங்கோடு சேர்த்துக் கொம்பும் முறிப்பது என்று கண்ணகியம்மன் கோவிலில் முடிவானது.

கொம்பு என்றால் வளைந்த மரத்தில் செதுக்கிய பெரிய கொளுக்கி. இரண்டு கொம்பை ஒன்றில் ஒன்று கொளுவி, இரண்டு பக்கமும் வடம் கட்டி, ஊர் இரண்டாகப் பிரிந்து நின்று இழுக்க வேண்டும். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. வடசேரி, தென்சேரி என்று இரண்டு சேரி. சேரி தகப்பன் வழியில் வரும். அதனால் ஒரே வீட்டுக்குள் புருஷன் வடசேரியாகவும் பெண்சாதி தென்சேரியாகவும் இருப்பதுண்டு. சதீசன் வீட்டில் அப்படித்தான். அவனும் மகளும் வடசேரி, யசோதினி தென்சேரி. கொம்பு கட்டி, முறித்து, மறுநாள் வாவியில் நீராட்டும் வரைக்கும் எதிர்ச்சேரிப் புருஷனும் பெண்சாதியும் ஒரு பானையில் தின்னவும் கூடாது, ஒருவரை ஒருவர் தொடவும் கூடாது.

இழுப்பதற்கு முன் ஒரு சேரி மற்றச் சேரியை ஏசிப் பாடும். சும்மா ஏச்சில்லை, காது கூசும். கொம்பு தண்ணீருக்குப் போகும் வரைக்கும் எதைப் பாடினாலும் குற்றமில்லை, தண்ணீருக்குப் போன பிறகு அந்தச் சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. இதற்குள் யாராவது கோபப்பட்டுக் கை ஓங்கினால் போச்சு. அவன் சேரி தோற்றது மட்டுமில்லை, கொம்பை அவிழ்த்து உள்ளே வைத்துவிடுவார்கள், ஊருக்கே கேடு.

கோவில் வண்ணக்கர் நல்லரத்தினம் ஒரு காலைப்பொழுது சைக்கிளை உருட்டிக்கொண்டு சதீசன் வீட்டுக்கு வந்தார். கோவில் நிருவாகம் அவர் கையில்தான். வந்தவர் தென்னைகளைப் பார்த்தார், தோணியைப் பார்த்தார், தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் விசயத்துக்கு வந்தார்.

"தம்பி, பாசிக்குடாப் பக்கம் உனக்குச் சொந்தக்காரர் இரிக்கினம்தானே?"

"ஓம், பெரியம்மாட மகன் இரிக்கான். ஏன்?"

"கொம்பு முடியும் மட்டும் அங்க போய் நிண்டுட்டு வாவன். கடக்கரை, நல்ல காத்து."

சதீசனுக்குக் காதுமடல் சுட்டது. "என்னை ஊரை விட்டுப் போகச் சொல்றீங்களா வண்ணக்கர்?"

"பாத்தியா, இப்பவே முகம் சிவந்திட்டு. நான் என்ன செய்ய? ஊரெல்லாம் பயப்படுது."

அதற்குள் வேலிக்கு அப்பால் நின்ற வடசேரி ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சதீசன் வேண்டும். கொம்புக்கு நெருங்கிய வடத்தலையைப் பிடிக்க அவனைப் போலத் தோளும் காலும் உள்ள ஆள் வடசேரியில் இல்லை.

"அவன் இல்லாட்டிக் கொம்பை நாங்க தொடவும் மாட்டம்" என்றார் ஒருவர்.

"அடேய், அவன் வடத்தலையில நிண்டா தென்சேரிக்கு இழுக்கவே தேவையில்ல. ரெண்டு பாட்டுப் பாடினாப் போதும், இவன் கைய ஓங்குவான், நீங்க தோத்தீங்க!" என்றார் வண்ணக்கர்.

சதீசன் குசினி வாசலைப் பார்த்தான். யசோதினி சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"நான் நிக்கிறன். ஆர் என்ன பாடினாலும் கை ஓங்க மாட்டன்" என்றான் சதீசன்.

வண்ணக்கர் போன பிறகு யசோதினி சுளகைத் தட்டிவிட்டு எழும்பினாள். "அங்க ஓங்கினாலும் இஞ்ச நான் சொன்னது சொன்னதுதான். கொம்பெண்டு சொல்லித் தப்பேலாது."

"தெரியும்" என்றான்.

வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டான், செய்வது எப்படி? குத்து வந்தால் தடுக்கத் தெரியும். ஏச்சு வந்தால்? யோசித்து யோசித்துப் பார்த்து, அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "இண்டைக்கு உதை இல்லை, குத்து இல்லை. எல்லாரும் என்னை ஏசணும்" என்றான்.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏசுங்க! பயப்படாம ஏசுங்க!"

"சேர்... நீங்க கொஞ்சம் கறுப்பு சேர்" என்றது ஒரு பிள்ளை.

"இது ஒரு ஏச்சா? நல்லா ஏசு."

"நீங்க கூடாத ஆள் சேர்."

சதீசன் கால்களை அகட்டி, மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கி, வாயை இறுக்கி நின்றான். ஒன்றும் உறைக்கவில்லை. அப்போதுதான் கடைசி வரிசையில் நின்ற அவன் மகள் விதுர்ஷா முன்னால் வந்தாள். தாயின் வாய் அப்படியே அவளுக்கு.

"கண்ணாடிக்கு முன்னால நிண்டு வயித்தை உள்ளுக்க இழுத்துப் பாத்துட்டு, மறுகா மூச்சு விட்டதும் 'சீ' எண்டு சொல்ற ஆள் இவர்தான்!"

மண்டபமே இடிந்து விழுகிற மாதிரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். சதீசனுக்குத் தாடை இறுகியது, காதுமடல் சுட்டது. விரல்கள் தாமாகவே மடங்கியதைக் குனிந்து பார்த்தான். ஐயோ, பெற்ற பிள்ளை விளையாட்டுக்குச் சொன்னதற்கா இது! சொல் அல்ல, அந்தச் சிரிப்புத்தான் தன்னைக் கிளப்புகிறது என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு விளங்கியது. வாகை மரத்தடியிலும் நாலு பேர் சிரிக்காமல் இருந்திருந்தால் தவநேசனின் பல் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

விளங்கி என்ன? சிரிப்புக்குத் தடுப்பு எந்தக் கராத்தேயில் இருக்கிறது?

கொம்பு கட்டிய அன்றே யசோதினி தலையணையும் பாயுமாகப் பின்வளவில் தாயின் சின்ன வீட்டுக்குப் போய்விட்டாள். வேலி கூடக் கிடையாது, இருபது அடி தூரம். அவள் அங்கே பொரிக்கிற இறாலின் வாசம் இங்கே வரும். இங்கே தகப்பனும் மகளும் கடையில் வாங்கின பாண் ரொட்டியும், அவன் காய்ச்சிய மணலை மீன் குழம்பும். உப்புக் கூடின குழம்பு.

"அப்பா, இது குழம்பா, கடலா?"

"திண்டுட்டுப் படு."

"ரெண்டு இறாலைக் கேட்டு வாங்கிட்டு வரட்டா?"

"எதிர்ச்சேரிச் சாப்பாடு. தொடப்படாது" என்றான். சொல்லும்போது தனக்கே எச்சில் ஊறியதை மறைத்துக்கொண்டான்.

பின்வளவில் தவநேசனும் இன்னும் நாலைந்து தென்சேரிக்காரரும் வந்து கூடிக் குசுகுசுத்தார்கள். பாட்டுக் கட்டுகிறார்கள். இடையிடையே யசோதினியின் குரல் உயர்ந்து கேட்டது. என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. ஒருதரம் தவநேசன், "உனக்கென்னகா, நீ ஆருட சேரி?" என்று சத்தம் போட்டதும், சீதேவிப்பிள்ளை இரண்டு பேரையும் அடக்கியதும் மட்டும் கேட்டது.

கொம்பு முறித்த நாள் வெயிலென்றால் அப்படியொரு வெயில். பின்னேரமாகியும் கோவில் மணல் காலைச் சுட்டது. வாவிக்கு அப்பால் எழுவான்கரையிலிருந்தும் சனம் வள்ளத்தில் வந்திறங்கியது. ஐஸ்பழ வான் ஒரு பக்கம், கச்சான் கடலைக் கடை ஒரு பக்கம், பொங்கல் அடுப்புப் புகை எல்லாருடைய கண்ணிலும். நடுவில் இரண்டு கொம்பும் கொளுவிக் கிடந்தன. வடசேரி வடத்தலையில் சதீசன் நின்றான். வடத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தான். எதிர்ப்பக்கம் தென்சேரி. பாடுகிறவன் தவநேசன், கட்டின பல் பளிச்சென்று தெரியச் சிரித்துக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் பெண்கள், முதல் வரிசையில் யசோதினி.

முதல் பாட்டு சதீசன் எதிர்பார்த்ததுதான்.

"கறுத்தப் பட்டி கட்டிவந்த வடசேரி மாப்பிள்ளே
கைவீரம் காட்டினது மச்சான்ட பல்லிலயோ?
ஒத்தப்பல் போனாலும் ஊருக்கே பாடுவம்
ஒட்டுக்கொம்பு முறியமுந்தி ஓடிப்போ வீட்டுக்கு!"

பெண்கள் குரவையிட்டார்கள். வண்ணக்கர் சதீசனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். சதீசன் மூச்சை இறக்கினான். வடசேரி பதிலுக்குத் தவநேசனின் வரம்பு வெட்டைப் பாடியது. அடுத்துத் தென்சேரி, சதீசன் குழம்பு வைத்த கதையைப் பாடியது, அதையும் தாங்கினான். இவ்வளவுதானா என்று மனதுக்குள் ஒரு தைரியம்கூட வந்தது. அப்போதுதான் தவநேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"கல்லை உடைப்பாராம், ஓட்டை உடைப்பாராம்
கால்தூக்கி ஆகாயம் எட்டி உதைப்பாராம்
தண்ணி வாளிக்குள்ள தவக்கை ஒண்டு பாஞ்சதெண்டா
கட்டிலுக்கு மேலேறிப் பெண்டிலைக் கூப்பிடுவாராம்!"

 அடுத்த நொடி கோவில் வெளி முழுக்கச் சிரிப்பு. ஐஸ்பழம் விற்கிறவன் வானில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறான். கச்சான்காரி வயிற்றைப் பிடிக்கிறாள். சொந்தச் சேரியே வடத்தைப் பிடித்தபடி குலுங்கிச் சிரிக்கிறது, அதன் குலுக்கம் வடம் வழியாக அவன் கைக்கு வருகிறது.

தவளை என்றால் சதீசனுக்குப் பயம். அருவருப்பில்லை, பயம். சின்ன வயதிலிருந்து. உலகத்தில் அது தெரிந்த உயிர் ஒன்றே ஒன்றுதான். அது எதிரில் முதல் வரிசையில் நிற்கிறது.

காட்டிக் கொடுத்துவிட்டாள்! காதுமடலில் தொடங்கின சூடு கழுத்துக்கு இறங்கி, தோளுக்கு வந்து, முழங்கைக்கு வந்தது. மூச்சை இறக்கிப் பார்த்தான், இறங்கவில்லை. இத்தனை வருசமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. வலது கை வடத்தை விட்டுவிட்டது. வண்ணக்கர் "அம்மாளே!" என்றது கேட்டது. யசோதினி சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தமில்லை.

அந்த நேரத்தில் காலடியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்தான். விதுர்ஷா. சிரித்துச் சிரித்து நிற்க ஏலாமல் மணலில் உட்கார்ந்து, அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

"அப்பா... மெய்யாவாப்பா? கட்டிலுக்கு மேலயா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் தவளை வந்த அந்த மழை நாள் அப்படியே அவன் கண்ணுக்குள் வந்தது. இவன் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி கட்டிலில் நிற்கிறான். யசோதினி சுளகோடு தவளையைத் துரத்துகிறாள். அது மேசைக்குத் தாவி, அங்கிருந்து அவன் தலையணைக்கே தாவுகிறது. இவன் போட்ட சத்தத்தில் பயந்து அது தானாகவே யன்னலால் பாய்ந்து போகிறது. வேறு ஒருவனுக்கு நடந்திருந்தால் எத்தனை நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பான்!  முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. ஊரோடு சேர்ந்து, ஊரை விடச் சத்தமாக, கறுப்புப் பட்டிக்காரன் சிரித்தான்.

"மறுபாட்டு! மறுபாட்டு!" என்றது வடசேரி. "அவளிட கதையொண்டை எடுத்து விடு மச்சான்! குறட்டை விடுவாளா? கள்ளமாச் சீனி திம்பாளா? எடுத்து விடு!"

எடுத்து விட எத்தனையோ இருந்தன. சதீசன் விட்ட கையைத் திரும்ப வடத்தில் போட்டுக்கொண்டு, ஒத்து வராத குரலில் பாடினான்.

"தவக்கைக்குப் பயந்தவன்தான், சொன்னதில பிழையில்லை
தனியாகப் பிடிச்சு வைக்கத் தைரியமும் எனக்கில்லை
சுளகைத் தூக்கிவந்து துரத்திவிட்ட பெண்டிலோ
தென்சேரிப் பெண்ணெல்லோ, திடமான பெண்ணெல்லோ!"

"அடேய் பாவி! எதிர்ச்சேரியைப் புகழ்றானே!" என்று வடசேரி தலையில் கைவைத்தது. தென்சேரிப் பெண்கள் போட்ட குரவை வாவியின் அக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். யசோதினி முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்தாள்.

பிறகு இழுத்தார்கள். நல்ல இழுவைதான். பொழுது சாய, மடாரென்று ஒரு சத்தம். முறிந்தது வடசேரிக் கொம்பு. வடசேரி மொத்தமும் மல்லாக்க மணலில் விழுந்தது.

தோற்ற சேரி போய் வென்ற சேரியைத் தோளில் தட்ட வேண்டும், அது முறை. சதீசன் உடம்பு மணலைத் தட்டிக்கொண்டு நேரே தவநேசனிடம் போனான். சிரித்த முகத்தோடுதான் போனான். தோளில் போடக் கையைத் தூக்கினான். தூக்கினதுதான் தாமதம், தவநேசன் சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

பார்த்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள். தவநேசனும் சமாளித்துச் சிரித்தான். சதீசனுக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல், பிடரியைச் சொறிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தான். தன்னோடு பிறவாத குறையாகத் திரிந்த மச்சான் தன் கையைக் கண்டு குனிகிறான்! 

பொழுது மங்கின மைம்மல் நேரம். வாசல் குந்தில் உட்கார்ந்திருந்தான். பின்வளவிலிருந்து யசோதினி வந்து, இரண்டு முழம் தள்ளி நின்றாள். கொம்பு இன்னும் தண்ணீருக்குப் போகவில்லை, அவள் இன்னும் எதிர்ச்சேரி.

"கோவமா?" என்றாள்.

"வந்திச்சு. போயிட்டு." என்றான். "ஏன் யசோ சொன்ன? உனக்கு மட்டும் தெரிஞ்ச விசயம்."

"வேற பாட்டொண்டு கட்டி வச்சிருந்தாங்க. அதைப் பாடினா நான் தென்சேரியில நிக்க மாட்டனெண்டு அண்ணனோட சண்டை பிடிச்சன். அதுக்குப் பதிலா என்னத்தைப் பாடுறதெண்டு கேட்டான். இதைச் சொல்லிக் குடுத்தன். சனம் விழுந்து விழுந்து சிரிக்குமெண்டு சொன்னன்."

"சிரிப்புத்தான் எனக்கு ஆகாதெண்டு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் முந்தானையைக் கடிச்சிட்டு நிண்டன். எண்டாலும் அந்தப் பாட்டுக்கு இது எவ்வளவோ மேல்."

"அது என்ன பாட்டு?"

"வேணாம்."

"கொம்பு நாளைக்குத்தானே தண்ணிக்குப் போகுது. இண்டைக்குப் பாடினாக் குத்தமில்ல. பாடு."

"வேணாமெண்டு சொல்றன்."

"பாடு யசோ. நான் இருந்த இடத்தை விட்டு ஒழும்ப மாட்டன்."

அவள் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டு, ராகமில்லாமல், வாய்க்குள் சொல்வது போலப் பாடினாள்.

"அப்பன் குடிச்சுவந்தா ஆத்தா முதுகு புண்ணாம்
பிள்ளை படிச்சுவந்து பெல்ட்டுக் கட்டி நிண்டானாம்
பெல்ட்டுக் கறுத்தாலென்ன, பேர்தான் வளர்ந்தாலென்ன..."

அதோடு நிறுத்திவிட்டாள்.

"இன்னும் ஒரு வரி இரிக்கு" என்றான் சதீசன்.

"அப்பன்ட கை மகனுக்கு அப்பிடியே வந்ததாமே."

சொல்லிவிட்டு அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் இருந்த இடத்திலேயே இருந்தான். கை இரண்டும் மடியில் விரிந்தபடி கிடந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அழுகிறான் என்பது தோள் குலுங்கின பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஓம். அடிச்சவர்தான்" என்றான். "அம்மா குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்துவா. நான் வெளியில நிப்பன். அந்தக் கை மாதிரி எண்ட கை வரப்படாதெண்டுதான் கராட்டி பழகப் போனன். இண்டைக்கு மச்சான் வாயைப் பொத்தினதைப் பாத்தியா?"

"பாத்தன்."

"அப்பாவைக் கண்டா அம்மாவும் அப்பிடித்தான் பொத்துவா."

யசோதினி இரண்டு முழத் தூரத்தையும் கடந்து வந்து அவன் பக்கத்தில் குந்தில் உட்கார்ந்தாள்.

"தொடப்படாது, கொம்பு தண்ணிக்குப் போகல்ல" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நான் தொடல்ல. எண்ட வீட்டுக் குந்தில இரிக்கன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நீங்களும் இரிங்க" என்றாள்.

மறுநாள் வெள்ளன இரண்டு சேரியும் ஒன்றாகக் கூடிக் கொம்புகளை வாவியில் நீராட்டினார்கள். ஈர உடுப்போடேயே சதீசன் யசோதினியிடம் வந்தான்.

"மச்சான்ட வீட்ட போவம், வா. பல்லுக்கு மன்னிப்புக் கேக்கணும். தனியப் போனா அவன் கதவு திறக்க மாட்டான்."

தவநேசன் வீட்டுக் கதவு திறந்துதான் கிடந்தது. வேலிப் படலையில் சதீசனின் தலையைக் கண்டதும் உள்ளே ஏதோ சட்டி உருண்ட சத்தம் கேட்டது.

"என்ன மச்சான், விடியக்காலத்தால?" என்றது உள்ளேயிருந்து தவநேசனின் குரல்.

"ஒரு கதை கதைக்கணும் மச்சான்."

"கதைக்கிறதெண்டா வாயாலதானே? கையைப் பின்னால கட்டிட்டு வா."

பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் சதீசன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு படியேறினான். கறுப்புப் பட்டிக்காரன், வகுப்பில் பிழை செய்த பிள்ளையைப் போல நடு விறாந்தையில் வந்து நின்றான்.

"வரம்பைக் கட்ட எனக்குத் தெரியல்லதான். நீ சொன்னது சரி. நான் செஞ்சது பிழை. நீ எனக்குப் பயந்து குனிஞ்சியே, அதை என்னால தாங்க ஏலாது மச்சான். மன்னிச்சுக்க."

தவநேசன் தன் கட்டின பல்லை நாக்கால் தடவினான். தங்கச்சியைப் பார்த்தான். அவள் வேலியைப் பார்த்தாள்.

"தண்ணியைத் திருப்பினதில நானும் பிழைதான்" என்று முணுமுணுத்துவிட்டு, "தேத்தண்ணி கொண்டாகா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான்.

அவன் மனைவி தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொண்டுவந்து நீட்டினாள். சதீசன் வாங்கவில்லை. கைகள் பின்னாலேயே இருந்தன. ஆவி பறக்கிற கோப்பைக்கு மேலாகத் தவநேசனின் முகத்தைப் பார்த்தான்.

"மச்சான், கையை முன்னால எடுக்கட்டா?"

தவநேசன் அவனை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு மனைவியின் கையிலிருந்த கோப்பையைத் தானே வாங்கிக்கொண்டு, எழும்பிப் பக்கத்தில் வந்து நின்றான்.

"எடு" என்றான்.